பரிதிக்கண்ணரின் நாவைக் காத்தருளிய ஓலை

நன்மை நிலைபெறுக. நீர் வற்றாத மருதங்கரை நாட்டுக்குக் குடை நிழற்றுகின்றவளும், ஆறு துறைக்கும் அறுபது ஊருக்கும் உரியவளும், பகைவர் முடியைப் படிக்கல்லாக்கி அரியணை ஏறியவளுமாகிய கோப்பெருந்தேவி எழினிமாதேவி, தம் அரண்மனை விலங்குக் கொட்டிலின் மாமருத்துவரும், நாடிநூல் கரைகண்டவரும், தம் கையால் பொற்கரைப் பட்டுப் பெற்றவருமாகிய பரிதிக்கண்ணருக்கு விடுத்த திருமுகம். உம் இல்லத்தார் நலமா? உம் மாணாக்கர் நலமா? உம் நாக்கு நலமா? மூன்றும் நலமென்றே நம்புகிறோம்.

அரச ஓலை பெற்றவர் காலணி கழற்றி நின்று, தம் வாயாலேயே அதனை உரக்க வாசிக்க வேண்டும் என்பது எம் பாட்டனார் காலந்தொட்டு இந்நாட்டில் உள்ள வழக்கம். நீரும் இப்போது அவ்வாறே கொட்டில் வாயிலில் நிற்கிறீர். காவலரும் தீவனக்காரரும் உம் மாணாக்கரும் சூழ நிற்கிறார்கள். குரல் தளர்ந்தாலோ, ஒரு சொல்லை விழுங்கினாலோ, முதல் வரியிலிருந்து மீண்டும் வாசிப்பிக்குமாறு காவற்படைத் தலைவன் கொற்றங்குமரனுக்கு ஆணையிட்டிருக்கிறோம். ஆதலால் நிதானமாகவே வாசியும். எமக்கு அவசரம் ஒன்றுமில்லை.

நடந்தது உமக்குத் தெரியும். எனினும் சூழ நிற்பவர்களுக்குத் தெரியட்டும். மூன்றாண்டுக்கு முன் மஞ்சுவரைக் கோமான் எம்மோடு நட்புக்கொண்டு, தம் மலையில் மட்டுமே வாழும் கருவெண்கரடிகளில் ஓர் இணையை எமக்கு அனுப்பினார். அவற்றின் கால்வழி எம் மண்ணில் வாழும்வரை பனிக்கணவாய் எம் படைக்குத் திறந்திருக்கும் என்றும், அற்றுப்போனால் அன்றே அடைபடும் என்றும் அவர் ஓலையில் கண்டிருந்தது. கரடிகளோடு தழைச்சி என்னும் மலைமகள் ஒருத்தியும் வந்தாள். ஏழு தலைமுறையாகக் கரடி வளர்க்கும் குடியில் பிறந்தவள் அவள். சென்ற ஆண்டு பெண்கரடி இரண்டு குட்டிகளை ஈன்றது. எம் நாடு முழுவதும் விழாக் கொண்டாடியது.

பின்பு ஆண்கரடி காய்ச்சல் கண்டு இறந்தது. நீர் அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தீர். பசுவுக்கும் மானுக்கும் இருப்பதுபோல் நெடுங்குடல் இல்லை என்றும், புலிக்கு இருப்பதுபோல் குறுங்குடலே உள்ளது என்றும், பற்களும் ஊன் தின்னும் விலங்கின் பற்களே என்றும் கண்டறிந்து, அவையில் எழுந்து முக்கால் நாழிகை பேசினீர். புலியின் வயிற்றில் புல்லைத் திணித்தால் புலி சாகாமல் என்ன செய்யும் என்று கேட்டீர். மலையார் அறிவின்மையால் ஊன்விலங்குக்கு மூங்கிலைக் கொடுத்துக் கெடுத்துவிட்டனர் என்றீர். நீர் கண்டது மெய். குடல் குறுகியதுதான், பற்கள் ஊன்பற்கள்தான். அதைக் கேட்டு மகிழ்ந்தே அன்று உமக்குப் பட்டுப் போர்த்தினோம்.

குட்டிகளுக்குப் பல் முளைத்து, மூங்கில் கடிக்கும் பருவம் வந்தது. ஒருநாள் காலை நீர் கொட்டிலுக்குள் நுழைந்தபோது, தழைச்சி தாய்க்கரடியின் சாணத்தில் சிறிது கிள்ளித் தன் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை மூங்கில் குருத்தில் தடவிக் குட்டிகளுக்கு ஊட்டக் கண்டீர். அவளைப் பிடித்து இழுத்துவந்து எம் அவையில் நிறுத்தினீர்.

அவள் நடுங்காமல் நின்றாள் என்பது எமக்கு நினைவிருக்கிறது. கரடி மூங்கிலை மென்று விழுங்குமே தவிர, அதனைச் செரிப்பது கரடியன்று என்றும், அதன் குடலுக்குள் கண்ணுக்கெட்டாத சிற்றுயிர்கள் கோடிகோடியாகக் குடியிருக்கின்றன என்றும், தன் மக்கள் அவற்றை வயிற்றுக் குடிகள் என்று வழங்குவர் என்றும், குறுங்குடல் கொண்ட கரடி மூங்கிலால் பிழைப்பது அக்குடிகள் செய்யும் ஊழியத்தாலேயே என்றும் சொன்னாள். பிறக்கும் குட்டியின் வயிற்றில் அவை போதிய அளவில் இல்லை என்றும், தாயின் சாணத்தோடுதான் குடியேறும் என்றும் சொன்னாள். குருத்து முளைக்கும் காலத்தில் ஒருவகைக் குடிகள் பெருகிக் கரடியைக் கொழுக்கவைக்கும், இலை முற்றிய காலத்தில் அவை அருகி வேறுவகை தலையெடுக்கும், ஆதலால் எல்லா நாளின் சாணமும் நன்றன்று என்றும் சொன்னாள். புளித்தால் குடிகள் உயிரோடிருக்கின்றன, கசந்தால் கெட்டன, அதை அறிய நாக்கைத் தவிர வேறு கருவி இல்லை என்று சொல்லி முடித்தாள்.

அப்போது நீர் அந்தக் குடிகளுக்கு அரசன் யார், அவர்தம் கொடியில் எழுதிய சின்னம் யாது என்று கேட்டீர். அவையோர் குலுங்கி நகைத்தனர். நாமும் நகைத்தோம், அதை மறைக்கமாட்டோம். அரச விலங்கை மலம் ஊட்டித் தீட்டுப்படுத்தியவள் என்றும், ஆண்கரடிக்கு நஞ்சூட்டியவள் என்றும் அவள்மேல் குற்றம் சாட்டி, மலம் தொட்ட நாக்கு அரண்மனைக்குள் இருக்கலாகாது என்றீர். ஆணையை நீரே எழுதினீர். நாம் முத்திரையிட்டோம். அன்று மாலைக்குள் அவள் நாக்கு அறுக்கப்பட்டது. கொட்டிலில் சாணம் அள்ளுவதே இனி அவளுக்குத் தண்டனைத் தொழில் என்றும் நீரே விதித்தீர். அந்த ஒரு விதி மட்டும் இல்லாதிருந்தால் இன்று எமக்குக் கணவாயும் இல்லை, உமக்குத் தலையும் இல்லை.

அதன்பின் கொட்டில் உம் கைக்கு வந்தது. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தீர். தரையை நாளுக்கு மூன்று முறை மஞ்சள்நீரால் கழுவுவித்தீர். பேதி மருந்து கொடுத்து அவற்றின் குடலையும் கழுவினீர். பசும்பாலும் நெய்ச்சோறும் நறுக்கிய மானிறைச்சியும் பொற்கிண்ணத்தில் வைத்தீர். குட்டிகள் அவற்றை முகர்ந்துவிட்டு, கொட்டில் வேலியில் கட்டியிருந்த மூங்கிலைக் கடித்தன. கடித்தது கடித்தபடியே, சிராய் சிராயாகப் பின்வழியே வந்தது. வயிறு உப்பிற்று; முதுகெலும்பு துருத்திற்று. பதினோராம் நாள் பெண்குட்டி செத்தது. பிறவியிலேயே அது நலிந்த குட்டி என்று எமக்கு எழுதினீர். குடிகளைக் கழுவித் துரத்திய நாடு என்னவாகும் என்று நாடாளும் ஒருத்திக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அது எமக்கு அன்று உறைக்கவில்லை. உம் எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

மிஞ்சியிருந்த ஆண்குட்டியும் தலை தூக்காமல் கிடந்தது. காவலர் உண்ணப்போகும் உச்சிப் பொழுதுகளில், தழைச்சி தான் அள்ளிய சாணத்தை முன்றானையில் முடிந்துகொண்டுபோய் அந்தக் குட்டிக்கு ஊட்டினாள். நீர் அணுக அஞ்சிய தாய்க்கரடி உம் நெய்ச்சோற்றைத் தொடாமல் மூங்கிலையே தின்று வந்ததால், அதன் வயிற்றில் குடிகள் அழியாமல் இருந்தன. கொற்றங்குமரன் இதைக் கண்டான். கண்டும் உம்மிடம் சொல்லாமல் எம்மிடம் வந்து சொன்னான். ஆதலால் அவன் இன்று காவற்படைத் தலைவன். அவள் ஊட்டத் தொடங்கிய ஏழாம் நாள் நாமே வந்து பார்த்தோம். குட்டி எழுந்து உட்கார்ந்து, இரு கையாலும் குருத்தைப் பற்றி, தோலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன் சாணம் பச்சையாய், நன்கு அரைபட்டு, இலைமணம் வீசிற்று. சாணத்தைப் பார்த்து ஓர் அரசி கண்ணீர் விட்டாள் என்று எவனாவது வெளியில் சொன்னால் அவன் கண்ணைப் பிடுங்குவோம்.

ஆனால் பத்தாம் நாள் குட்டி வாந்தியெடுத்துச் சுருண்டது. நேற்று மறுபடியும் அவ்வாறே ஆயிற்று. காரணம் எளிது. எது புளிக்கிறது, எது கசக்கிறது என்று அறிய அவளிடம் இப்போது நாக்கு இல்லை. மூக்கால் முகர்ந்து தேர்கிறாள். முதல் ஒன்பது நாளும் தற்செயலாய் வாய்த்தது; இப்போது நான்கில் ஒருநாள் தவறுகிறது. இன்னும் இரண்டு தவறுக்குக் குட்டி தாங்காது. மஞ்சுவரைத் தூதர் பௌர்ணமிக்குள் வந்துவிடுவர்.

உண்மை எமக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்ததும், நேற்று உம்மிடமிருந்து ஓர் ஓலை வந்தது. அதில் தழைச்சியைக் குறித்து ஒரு சொல் இல்லை. செத்த குட்டியைக் குறித்தும் இல்லை. பிழை பொறுக்க வேண்டும் என்றும், என்ன தண்டனை தந்தாலும் ஏற்பதாகவும், அவளுக்குச் செய்ததை மட்டும் உமக்குச் செய்யாமல் உம் நாவைக் காத்தருள வேண்டும் என்றும் கெஞ்சியிருந்தீர். பரிதிக்கண்ணரே, நிமிர்ந்து நின்று இதை வாசியும்: உம் வேண்டுகோளை ஏற்றோம். உம் நாக்கை அறுக்கமாட்டோம். அது எமக்கு வேண்டும்.

நாளை முதல் விடியலில் நீர் கொட்டிலுக்கு வந்து, யாம் தந்த பொற்கரைப் பட்டைப் போர்த்திக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, தழைச்சியின் முன் மண்டியிட வேண்டும். அவள் கிள்ளித் தருவதை நாக்கு நுனியில் வாங்கி, புளிப்பா கசப்பா என்று அவளுக்கு மெய்யாக உரைக்க வேண்டும். உரைக்கும்வரை துப்புவதும் வாய் கொப்பளிப்பதும் கூடாது. நாக்கின் கூர்மை மழுங்கலாகாது. ஆதலால் உப்பும் உறைப்பும் நெய்யும் வெற்றிலையும் உமக்கு விலக்கப்பட்டன. மூங்கிலரிசிக் கஞ்சி நாள்தோறும் வரும். சில திங்களில் உம் குடலிலும் அந்தக் குடிகள் குடியேறுமோ, நீரும் மூங்கில் கடிக்கத் தொடங்குவீரோ என்று அறிய எமக்கு ஆவலாயிருக்கிறது. அப்படி நேர்ந்தால் அவையில் எழுந்து முக்கால் நாழிகை பேசலாம்; இம்முறை யாரும் நகைக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த ஆண்குட்டி வளர்ந்து, தானே ஒரு குட்டிக்குத் தந்தையாகும் நாள்வரை இத்தொழில் உம்முடையது. அதற்குள் அது செத்தால், அதன் குழியில் உம் நாக்கும் உடன் புதைக்கப்படும். மீதி உடலை என் செய்வதென்று தழைச்சியிடம் கேட்போம். அவள் எதைச் சுட்டினாலும் அதன்படி செய்வோம். தழைச்சியின் நாக்கை அறுத்த ஓலையிலும் எம் முத்திரைதானே இருந்தது என்று உம் மாணாக்கருள் ஒருவன் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டோம். இருந்தது. அவன் சொன்னது சரி. அவன் இப்போது கொட்டிலில் இல்லை.

ஓலையை வாசித்து முடித்தவர் கண்ணில் ஒற்றிக்கொள்வது முறை. நீர் கண்ணில் ஒற்றவேண்டா, நாவில் ஒற்றிக்கொள்ளும். கொற்றங்குமரன் அருகிருந்து பார்ப்பான். இவ்வாணை கதிரும் திங்களும் போல் மாறாது நிற்பதாக. எம் ஆட்சியாண்டு பதினாறு, குருத்து முளைக்கும் திங்கள், வளர்பிறை ஆறாம் நாள், நீர்ப்பெருந்துறை அரண்மனையில், திருவாய்மொழிந்தபடி எழுதினேன் ஓலைநாயகம் வேட்கோவன். இரட்டை மீன் முத்திரை இடப்பட்டது.

முத்திரை இட்டபின் தேவியார் சேர்க்கச் சொன்ன வரி: இந்த ஏற்பாட்டைத் தழைச்சிக்கு அறிவித்தபோது அவள் மகிழவில்லை. எம் காலில் விழுந்து, எழுந்து, வடக்கே மலையிருக்கும் திசையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, மறுபடியும் மலையைக் காட்டினாள். இப்படி மூன்று முறை செய்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எடுத்துச் சொல்ல அவளுக்கு நாக்கு இல்லாமையால், நாம் அதை அறிந்திலோம். விடியலில் அவள் கொட்டிலில் இருப்பாள். காத்திருக்க வைக்காதீர்.