உள்ளே மட்டும் போன டயர் தடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். நேற்று இந்தத் தீவின் காட்டுக்குள், குறுக்குவழியென்று பழைய டயர் தடத்தைப் பிடித்துப்போய் ஜீப்பைச் சதுப்பில் இறக்கிவிட்டேன். பயணிகள் யாரும் இல்லை. குதித்துத் தப்பினேன், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. கரையேறிய பிறகுதான் பார்த்தேன்: அந்தத் தடம் சேற்றுக்குள் போகிறது, திரும்பி வரவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "நீ எதையும் பாக்கலைன்னு வச்சுக்கோ" என்றார்.

எனக்கு முன் இங்கே ஓட்டிய நம் எதிர்வீட்டு அண்ணன் ஜீப்போடு ஓடிவிட்டார் என்கிறார்கள். சுற்றிலும் கடல், எங்கே ஓடுவார்? அவர் செருப்பு என் கட்டிலடியில் கிடக்கிறது.

யாராவது வந்தால் போர்வை கொடுத்தனுப்புங்கள். எதிர்வீட்டு அண்ணியிடம், அண்ணன் போன் பண்ணினாரா என்று சும்மா கேளுங்கள்.

முதலாளி வெளியே இன்னொரு ஜீப்பில் ஹாரன் அடிக்கிறார். சதுப்புப் பக்கம் போகவேண்டுமாம், நாங்கள் இருவர் மட்டும்.

உங்கள் மகன்