எழிலரசி உனக்குப் போன் செய்வாள்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. ஜெர்மனிக் குளிரில் நீயும், நீ ஆராய்ச்சி செய்கிற எலிக்குட்டிகளும் சுகமாக இருக்கட்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் என்றால் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவேன், இதில் நழுவக் கூடாது.

சித்திரையில் போளூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்களே, மாப்பிள்ளையைவிட அவன் அம்மாவுக்குத்தான் கழுத்தில் நகை அதிகம், அந்த அம்மாள், பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டாள். எலியின் மூளையைப் பார்க்கிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. எலியை விட்டுவிட்டு, பிறந்த குழந்தையின் மூளையில் புது செல் வளர வைக்கிறாள் என்றேன். அவள் வாயைப் பிளந்தாளா, எனக்கு ருசி கண்டுவிட்டது. சம்பந்தம் போனது, பெருமை போகவில்லை. நம் கடைக்குச் சேலை ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், குச்சம் கட்டக் கொடுக்கிறவர்கள், ஒருவரையும் விடவில்லை. நீ எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். பிறந்த பிறகும் மூளையின் சில ஓரங்களில் ஸ்டெம் செல்கள் இருக்கும், சின்ன வயதில் சுறுசுறுப்பாகப் புது செல்களை உண்டாக்கும், வளர வளர அடங்கிவிடும், இதை எலியில்தான் தெளிவாகப் பார்க்கிறோம், மருந்து என்ற பேச்சே இன்னும் இல்லை என்று. நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்தானை ஓரத்தில் அறுக்காமல் விட்ட நூலில் குச்சம் கட்டுவதுபோல என் பெண் மூளையையே கட்டிவிடுவாள் என்று விளக்கம் வேறு.

நமக்குக் குச்சம் கட்டித் தருகிற எழிலரசியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் மகன் ஆகாஷுக்குப் பிறக்கும்போதே மூச்சுத் திணறி மூளையில் அடி, மூன்று வயதாகியும் நிற்கவில்லை. வாராவாரம் பஸ்ஸில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் பிசியோதெரபி செய்துவந்தாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் காலுக்கு மாட்டும் பட்டை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது, அதன்மேல் துணி காய்கிறது. ஏன்டி என்றேன். “இன்னாத்துக்குக்கா இன்னும் புள்ளைய அழ வுடணும்? பிரியா பொங்கலுக்கு வருதில்ல, ஊசி போட்டா சரியாப் பூடும்” என்றாள். ஊசி என்று நான் சொல்லவே இல்லை சத்யா. இல்லை என்றும் சொல்லவில்லையே. வேலூர் போவதை ஆடியில் நிறுத்தியிருக்கிறாள், இது கார்த்திகை. பிள்ளையின் கணுக்கால் விறைத்து, தூக்கி நிறுத்தினால் விரல்நுனிதான் தரையைத் தொடுகிறது.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், எலியையும் சேர்த்து. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வெளிய சொல்லக் கூடாதுன்னு பிரியா சொல்லிச்சா? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேங்க்கா” என்கிறாள். என் அளப்பெல்லாம் ஊரில் உடனே விலைபோனது, உண்மையைக் கொண்டுபோன அன்று வாங்க ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா, “அந்தப் பட்டைய உன் வாய்க்குத்தான்டி மாட்டணும்” என்றார். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

வேலூர் டாக்டரம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். இப்போதே திரும்ப ஆரம்பித்தால் ஓரளவு மீட்கலாமாம், தள்ளிப்போட்டால் ஆபரேஷன் வரை போகுமாம். உன் வாயால் கேட்டால்தான் எழிலரசி நம்புவாள். வருகிற புதன்கிழமை உனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் நீ படிக்கத்தான் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்புகிறேன். பெருமை பேசியவள் நான், அவள் அழுவதைக் கேட்கப்போகிறவள் நீ. இதைவிட ஒரு தாய் மகளுக்கு என்ன கெடுதல் செய்ய முடியும் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. அவள் பக்கத்திலேயே இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, ரொட்டியோடு பருப்பும் சாப்பிடு. படவேட்டு அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நல்ல பெயரோடும் நீண்ட ஆயுசோடும் இரு. ஒன்று மட்டும் மறக்காதே. மருந்து இல்லை என்று சொல், அதோடு நிறுத்து. உனக்கு மனசு கேட்காது, ‘ஆனா இன்னும் கொஞ்ச வருஷத்துல’ என்று வாயில் வரும். சொல்லிவிடாதே கண்ணு. அதைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறாமல் உட்கார்ந்துவிடுவாள்.

உன் அம்மா,
ராதிகா தனசேகரன்