அன்னம்மாவுக்குக் கொடுத்த அப்பம்

நவம்பர் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தெருவெல்லாம் சேறு. உலர்ந்த திராட்சையை வேகவைத்து வடிகட்டினேன். எங்கள் சபையில் ஒயின் கிடையாது. கர்த்தரின் இராப்போஜனத்தில் அப்பத்தோடு கொடுக்கும் திராட்சை ரசத்தைக் காய்ச்சுவது என் வேலை. அதைக் கையில் எடுத்து ஜனங்களுக்குக் கொடுப்பது பாஸ்டர் ஐயாவின் வேலை.

மாலை, பெண்கள் வகுப்பு. எல்லாரும் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள். பாடம்: இஸ்ரவேலரின் பலிகள். பாவம் செய்தவன் ஆட்டின் தலைமேல் கைவைப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாந்தம் குறுக்கிட்டாள்:

“எங்க வீட்டுக்காரர் தலைமேல நான் கை வச்சா என் பாவம் போயிடுமா டீச்சர்?”

“அவரு தலையில ஏற்கெனவே இடமில்ல லா!” பக்கத்திலிருந்தவள்.

சிரிப்பு அடங்கப் பாதி நேரம் போயிற்று. பிறகு தேவாலயத்துத் திரை. பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், ஆண்டுக்கொரு முறை, இரத்தத்தோடு அதற்குள் போவான். கிறிஸ்து தம்மையே பலியாகக் கொடுத்தார், திரை கிழிந்தது, இனி விசுவாசிக்கிற எல்லாரும் ஆசாரியர்தான். எத்தனையோ தடவை சொன்னது. சொல்லும்போதே கொட்டாவி.

முதுகு வலி. பள்ளிக் கட்டுரைகள் திருத்தவில்லை.

நவம்பர் 14, சனி

வெயில். குவார்ட்டர்ஸில் எங்கள் சபை அன்னம்மாவைப் பார்க்கப் போனேன். வயிற்றில் கட்டி, டாக்டர் கைவிட்டாயிற்று. மகள் ரெபேக்கா தலைமாட்டில். என் வகுப்புக்கு வருகிறவள்.

அன்னம்மா கேட்பது ஒன்றே ஒன்று: இராப்போஜனம். பாஸ்டர் ஐயா கிள்ளானுக்கு அப்பால் ரப்பர் எஸ்டேட்டுகளில் ஊழியத்துக்குச் சுற்றுகிறார். செவ்வாய்க்கு முன் வரமாட்டார்.

“அது வரைக்கும் நான் இருக்க மாட்டேன். நீங்களே குடுங்க டீச்சர்.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா.”

“திரை கிழிஞ்சு போச்சுன்னு இவ வந்து சொன்னாளே. சும்மாவா சொன்னீங்க?”

ரெபேக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபித்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் கோபம். சாகக் கிடப்பவள்மேல் கோபம்!

சோப்பு, மண்ணெண்ணெய், கறுப்பு நூல் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

பா. ஐயா இல்லாததால் ஆராதனையில் பாட்டும் ஜெபமும் மட்டும். முடிந்தபின், அன்னம்மாவுக்கு நான் கொடுக்கலாமா என்று சபை மூப்பர் தங்கையா அண்ணனைக் கேட்டேன்.

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? இன்னைக்கு நீங்க குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் குடுப்பாங்க.”

“குடுத்தா என்ன அண்ணே?”

“நீங்க மெட்ராஸ் காலேஜ்ல படிச்சவங்க. என்னை வம்புல மாட்டிவிடாதீங்க.”

கிள்ளானுக்குத் தந்தி. மாலையில் பதில்: ஐயா உள் எஸ்டேட்டில், பாதையில் வெள்ளம்.

நான் சொல்லிக்கொடுத்ததை நானே நம்புகிறேனா? தெரியவில்லை. களைப்பு மட்டும் தெரிகிறது.

நவம்பர் 16, திங்கள்

பள்ளியிலிருந்து நேரே போனேன். பையில் ரசப் புட்டியும் ஒரு துண்டு ரொட்டியும், காலையிலேயே எடுத்து வைத்தவை. அன்னம்மாவின் மூச்சு மாறிவிட்டது. கண் மட்டும் விழித்து என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொடுத்துவிட்டேன்.

பொதுக் குழாயில் கை கழுவிக்கொண்டேன். அந்தக் காலத்து ஆசாரியன் ஜனத்துக்காகப் பலியிடுமுன் தனக்காகப் பலியிட வேண்டும். என்னிடம் என்ன இருந்தது? மத்தியானம் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ரொட்டியை ரசத்தில் நனைத்து உதட்டில் வைத்தேன். விழுங்க வெகுநேரம் ஆயிற்று. சொல்ல வேண்டிய வார்த்தைகளில் ஒரு வரி விட்டுப்போயிற்று. சிலிர்ப்பு, வெளிச்சம், ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கும் வாசனை.

அன்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “போதும்” என்றாள்.

நவம்பர் 17, செவ்வாய்

அன்னம்மா விடியற்காலையில் போய்விட்டாள்.

மத்தியானம் பா. ஐயா வந்தார். முழங்கால் வரை சேறு, கண்ணெல்லாம் சிவப்பு. மற்றவர் சொல்லுமுன் நானே சொன்னேன்.

“நீங்க குடுத்தது இராப்போஜனம் இல்லம்மா.”

“அப்ப என்னங்க ஐயா?”

“ரொட்டி.” பிறகு, தணிந்த குரலில்: “நான் நேத்தே வந்திருக்கணும்.”

பெண்கள் வகுப்பை நிறுத்தச் சொன்னார். மேலிடத்துக்கு எழுதியே ஆக வேண்டுமாம். சரி என்றேன். வாதாடத் தெம்பில்லை. அவருக்கும் இல்லை. அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்தது என் பங்கைக் குடித்தபின் தெரிந்தது. அவர் தம் டம்ளரை முழுவதும் குடித்திருந்தார்.

நவம்பர் 18, புதன்

தூறல். அடக்கம். குவார்ட்டர்ஸ் முழுவதும் வந்திருந்தது. மண் போட்டு முடிந்ததும் ரெபேக்கா என்னிடம் வந்தாள். யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள்.

“டீச்சர், அம்மா வாங்கினது சரியான இராப்போஜனம்தானே? செல்லாதுங்கிறாங்க. அம்மா வாங்காமலே போயிட்டாங்களா?”

சாந்தம், தங்கையா அண்ணன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பா. ஐயா ஒரு கை தூரத்தில், அங்கியெல்லாம் நனைந்து. ஆம் என்றால் அவருக்கு எதிராகப் பேசியதாகும். இல்லை என்றால் அன்னம்மாவுக்கு.

“வாங்கிட்டுத்தாம்மா போனாங்க,” என்றார் பா. ஐயா.

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார். வகுப்பு நிறுத்தியது நிறுத்தியதுதான்.