ரெண்டு காலும் தரையில

ஜூலை 9, புதன்

இன்று காலேஜில் ஃபுட்பால் செலக்ஷன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர்கள் பதினாலு பேர். அவர்களுக்கு ஹாஸ்டல், ஷூ, காலையில் ரெண்டு முட்டை. என்னைப்போல் சும்மா வந்து நின்றவர்கள் ஆறு பேர். ஒரு பேப்பர் கொடுத்தார்கள். பெயர்: பா. கொளஞ்சி. வகுப்பு: இயற்பியல் முதலாண்டு. ‘இதற்கு முன் ஆடிய போட்டிகள்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் இருந்தவள் அந்தக் கட்டம் பத்தாமல் பின்பக்கமும் எழுதினாள்.

நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசிக்கு முந்தின ஆள் நான். கடைசி ஆளுக்குச் செருப்பு அறுந்துவிட்டது.

பி.டி. ஜெயசுதா மேடம் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஸ்கூல்ல என்ன ஆடின?”

“கோ-கோ மேடம்.”

“அப்புறம் இங்க ஏன் வந்த?”

“பந்து ஏன் வளைஞ்சி போவுதுன்னு பாக்கணும் மேடம்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “கோல் போஸ்டுக்குப் பின்னாடி பந்து எடுத்துப் போட ஆள் வேணும். வரியா?” என்றார்.

வரேன் என்றேன். பின்னால் நின்றாலும் பந்து தெரியும்தானே.

ஜூலை 10

அப்பாவிடம் சொன்னேன். பிராக்டிஸ் முடிய ஆறு மணி. கள்ளக்குறிச்சியில் ஏறி, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, களமருதூரில் இறங்க எட்டாகும். அம்மா பகலெல்லாம் கழனியில் குனிந்து நிமிர்ந்துவிட்டு, எனக்காக பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்க வேண்டும்.

அப்பா கத்தவில்லை. “பொங்கல் வரிக்கும் பாரு. டீம்ல உன் பேரு வந்தா ஆடு. வரலன்னா வுட்டுட்டு நேரத்தோட வூடு வந்து சேரு. உங்கம்மாவும் மனுஷிதான?”

நியாயம்தான். அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 2

உதைத்த பந்து நாலு. பொறுக்கிய பந்துக்குக் கணக்கில்லை.

ஆகஸ்ட் 21

லைப்ரரியில் ஃபுட்பால் விதிகள் புத்தகம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் யாரும் எடுத்த மாதிரித் தெரியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் பாதி படித்துவிட்டேன். ஒரு விஷயம் பாருங்கள் — யாரிடம் சொல்கிறேன் பாருங்கள் என்று? — பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் கையால் உள்ளே வீசுகிறோமே, அந்த த்ரோ-இன்னில் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு, அதாவது எதிராளிகளைத் தாண்டிப் போய் நிற்கிற தப்பு, கிடையாது! கோல் வாசலிலேயே போய் நின்றுகொள்ளலாம்.

கேப்டன் அபிநயா அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் சின்னசேலம், மூன்றாம் ஆண்டு, தலையால் கோல் போடுவதில் கெட்டிக்காரி.

“தெரியும்டி. நம்ம ஆளுங்க வீசறது நாலு ஆள் தூரம்கூடப் போவாது. ஆஃப்சைடு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?”

அதுவும் சரிதான்.

செப்டம்பர் 13, சனி

வெள்ளிமலைக்குப் போனோம், அங்குள்ள பெண்களோடு ஒரு ஆட்டம். மலை ஏறும்போதே ரெண்டு பேர் வாந்தி. மைதானத்துக்கு ஒரு பக்கம் சரிவு, கீழே மரவள்ளிக் கொல்லை. பந்து உருண்டால் அங்கேதான் போய் நிற்கும். எடுத்து வர நான்.

இரண்டு தடவை பந்தோடு ஏறி வந்தேன். மூன்றாம் தடவை முட்டி வலித்தது. கீழேயிருந்தே ரெண்டு கையாலும் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரே வீச்சு. வைக்கோல் கட்டை டிராக்டர் மேல் வீசுகிற மாதிரி, வேறொன்றும் யோசிக்கவில்லை.

மேலே சத்தம் நின்றுவிட்டது. யார் மண்டையிலாவது விழுந்துவிட்டதோ என்று பயந்து ஏறிப் போனேன். பந்து எல்லார் தலையையும் தாண்டி கோல் வாசலில் கிடந்தது. மேடம் சரிவின் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“எங்க கத்துக்கிட்ட?”

“கத்துக்கினதெல்லாம் இல்ல மேடம். வைக்கோல் கட்டு ஏத்துவோம். டிராக்டர் மேல நிக்கிறவங்க கையில கரெக்டா போய் வுழணும், இல்லன்னா திட்டுவாங்க.”

“திரும்பக் கீழ போ. இன்னொரு வாட்டி போடு.”

பதினோரு வாட்டி போட்டேன். இறங்கும்போது பஸ்ஸில் அபிநயா அக்கா தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார்!

செப்டம்பர் 15

விசில்.

வீசும்போது ரெண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். என் வலது கால் தூக்கிக்கொள்கிறது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், என் காலுக்குத்தான் தெரியவில்லை. இருபது த்ரோவில் பத்தொன்பது ஃபவுல். தூக்காமல் போட்டது பாதி தூரம்கூடப் போகவில்லை.

கையால்தானே வீசுகிறேன்? காலை அமுக்கினால் ஏன் பந்து சாகிறது?

அக்டோபர் 8

துண்டால் ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். குப்புற விழுந்தேன். அபிநயா அக்கா என் ரெண்டு பாதத்தையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “வீசுடி, எதுனா ஆனா பாத்துக்கலாம்.” வீசினேன். பந்து நேராக அவர் தலையில் விழுந்தது.

இரண்டு பேரும் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

நவம்பர் 20

மழை. பிராக்டிஸ் இல்லை. அம்மா இன்றைக்கு நனையாமல் வீட்டில் இருந்தாள், அதுவரைக்கும் நல்லது.

டிசம்பர் 18

வெளிக் காலேஜோடு பயிற்சி ஆட்டம். கடைசிப் பத்து நிமிஷம் என்னை இறக்கினார்கள். மூன்று த்ரோ. மூன்று ஃபவுல். மூன்றாவதற்கு விசில் ஊதுவதற்கு முன்னாலேயே கூட்டத்தில் ஒருத்தன் வாயால் விசில் அடித்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ரெஃப்ரி அம்மாகூட. எனக்கு இன்னா ஆசையா கால தூக்கணும்னு? அதுவா தூக்கிக்கினு போவுது, நான் இன்னா பண்ணட்டும்?

எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மண்டலப் போட்டிக்கான லிஸ்ட் நோட்டீஸ் போர்டில். பதினாறு பேர். மேலிருந்து படித்தேன். கீழேயிருந்தும் படித்தேன். இல்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன். “சரி வுடு பாப்பா. படிப்ப பாரு” என்றார். குத்திக் காட்டவில்லை. அம்மா சோற்றை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அதுக்கப்புறம்தான் அழுகை வந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

இதை மெதுவாக எழுத வேண்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர் நாராயணசாமியின் கழனியில் அம்மாவும் நானும் வைக்கோல் ஏற்றப் போனோம். மெஷின் வைத்து அறுத்த பிறகு மழை பெய்து சேறாகக் கிடந்தது. உள்ளே இறங்கினால் மாட்டிக்கொள்ளும் என்று டிராக்டர் ரோட்டோரமே நின்றது. சேற்றில் நின்று ரோட்டுக்கு வீச வேண்டும். நான் வழக்கம்போல ஒரு காலைத் தூக்கி வீசினேன். கட்டோடு முகம் குப்புற விழுந்தேன். காது வரை சேறு.

“சேத்துல கால தூக்கினா வுழுவாம இன்னா பண்ணுவ?” என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே தன் கட்டை வீசினாள். அது போய் டிராக்டர் மேல் நின்ற ராசு அண்ணன் கையில் உட்கார்ந்தது.

அம்மாவின் கால்? கணுக்கால் வரை சேற்றில். தூக்கவே இல்லை!

“ம்மா, அப்ப பலம் எங்கருந்து வருது?”

“எனக்கு இன்னா தெரியும்? கட்ட தூக்கு. பேசிக்கினே நிக்காத.”

முப்பது கட்டு வரை பார்த்தேன். முதலில் முட்டி மடங்குகிறது. அப்புறம் இடுப்பு முன்னால் போகிறது, கட்டு மட்டும் இன்னும் தலைக்குப் பின்னாலேயே நிற்கிறது. கடைசியில் மொத்த உடம்பும் சேர்ந்து வருகிறது. அப்போது குதிகால் எழும்புகிறது. நுனிக்கால் சேற்றை விடுவதில்லை.

புத்தகத்தில் இருப்பது என்ன? ஒவ்வொரு பாதத்திலும் ஒரு பகுதி தரையில் இருந்தால் போதும். ஒரு பகுதி! நான் நாலு மாதமாக முழுப் பாதத்தையும் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். அது ஆகாதபோது காலைத் தூக்கினேன். நடுவில் ஒரு வழி இருந்திருக்கிறது. அதைப் படித்தும் இருக்கிறேன், மடச்சி.

சாயங்காலம் வரை சேற்றில் நின்று வீசினேன். நாலு கட்டு தப்பியது, ராசு அண்ணன் நாலு முறை திட்டினார். மீதி எல்லாம் அவர் கையில்.

ஜனவரி 19, திங்கள்

காலையில் கிளம்பும்போது அப்பாவிடம், “இன்னிக்கி ஒரு நாள் பிராக்டிஸுக்குப் போறம்பா” என்றேன்.

“பொங்கல்தான் முடிஞ்சிபோச்சே?”

அடுப்பிலிருந்து அம்மா திரும்பினாள். “இன்னிக்கி ஆத்துத் திருநாளு. ஆத்துத் திருநாளு முடிஞ்சாதான் பொங்கல் முடிஞ்சிதுன்னு அர்த்தம். ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “நீதான நிக்கப்போற பஸ் ஸ்டாப்ல” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

மேடத்திடம் பிராக்டிஸ் பனியனைத் திருப்பிக் கொடுத்தேன். “அஞ்சே அஞ்சு த்ரோ பாருங்க மேடம்” என்றேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என் காலுக்குப் பக்கத்தில் குந்தினார். அஞ்சு பத்தானது. விசில் ஊதவே இல்லை. கடைசிப் பந்தை அபிநயா அக்கா ஓடி வந்து தலையால் முட்டி உள்ளே தள்ளினார்.

“பதினெட்டு பேர் வரைக்கும் எழுதலாம்” என்று மேடம் பேனாவை எடுத்தார். “முழுப் பேரு சொல்லு.”

பனியனைத் திருப்பித் தந்துவிட்டார். துவைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

பிப்ரவரி 6

மண்டலப் போட்டி, முதல் ஆட்டம். எழுபதாவது நிமிஷம் இறங்கினேன். எழுபத்திமூன்றில் த்ரோ. சேற்றில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அபிநயா அக்கா கோல் வாசலில் தனியாக நின்றார் — ஆஃப்சைடு கிடையாதே! — தலை, வலை, கோல்.

மற்றதை எழுத முடியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 12

இப்போது ஆரம்பத்திலிருந்தே ஆடுகிறேன். ஒரு வேடிக்கை: எதிர் டீம்காரிகள் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளவே பயப்படுகிறார்கள். வெளியே தள்ள வேண்டிய பந்தைத் தள்ளாமல் தடுமாறி, நமக்கே கொடுத்துவிடுகிறார்கள். வீசாத த்ரோவுக்குக்கூட பலன் இருக்கிறது!

கப் நமக்குத்தான். பேப்பரில் போட்டோ வந்தது. பேர் மட்டும் ‘குஞ்சம்மாள்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்பா அதையும் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

மார்ச் 14, சனி

காலேஜ் விளையாட்டு விழா. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். இந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரி என்று எனக்கு ஒரு கப். ஜூன் முதல் நானும் கோட்டா லிஸ்டில், ஹாஸ்டலும் உண்டு என்று மேடம் சொன்னார்.

“அப்ப நான் பஸ் ஸ்டாப்ல வந்து நிக்க வேணாமா?” என்று கேட்டாள் அம்மா. சந்தோஷமாகக் கேட்ட மாதிரி இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு மைதானத்தைக் காட்டக் கூட்டிப் போனேன். எதற்குக் கப் கொடுத்தார்கள் என்று அம்மா கேட்டாள். ஒரு த்ரோ போட்டுக் காட்டினேன், என்னால் முடிந்த மட்டும் தூரமாக.

“இதுக்கா?” என்றாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு பந்தை எடுத்தாள். “கட்டுல கால்வாசி கனங்கூட இல்லியே” என்றபடி வீசினாள்.

டேப் பிடித்து அளந்தேன். என்னைவிட ரெண்டு அடி ஜாஸ்தி. ஜெயசுதா மேடம் விசிலை வாயில் வைத்தபடி அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டும் தரையில்.