எண்பதாம் மாடியில் மூன்று சுற்று

கள்ளக்குறிச்சி,
22.06.2025

அன்புள்ள வெற்றிவேல் அவர்களுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மரவள்ளிக்கு முதல் களை எடுத்தாயிற்று. போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. குவைத்தில் வெயில் ஐம்பதைத் தொடுகிறது என்று செய்தியில் படித்தேன். மொட்டை மாடியில் ஏசி மாட்டும் வேலையை மதியத்தில் நிறுத்திவிடுகிறார்கள்தானே?

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். குவைத்திலிருந்து லீவில் வந்த சுபாஷ் அண்ணன் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார். உங்கள் அம்மா கொடுத்தனுப்பும் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் பாதி சொல்லும்போதே நீங்கள் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுகிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய செய்தி: “பிரச்சின முடிஞ்சிது. அந்தம்மாவே அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. நீ ஒண்ணும் பேசாம இரு, அது போதும்.” நான்கு முறை படித்தேன். நான் பேசாமல் இருக்கப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம், உங்கள் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நான்கு நாள் பயணம். பங்குனியில் நமக்குப் பரிசம் போட்டார்கள். ஆவணியில் கல்யாணம். பரிசம் போட்ட பெண் தாலி ஏறும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் உள்ள வழக்கம். வக்கீல் ஆபீஸுக்கு டைப் அடிக்கப் போய்வருவதற்கு மட்டும் எனக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். வைகாசியில் நான் கடலையே தாண்டிவிட்டேன்.

அம்மா டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள். அப்பாதான், “எடுத்துட்டா இல்ல, போய்ட்டு வரட்டும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, விடியற்காலையில் வண்டியில் கொண்டுவந்து உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, ஆபீஸ் வேலையாகத் திருச்சி போயிருக்கிறாள் என்று சொன்னாள். அது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று அன்பாகச் சொல்லியிருப்பீர்கள். அன்பாகச் சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியாது. அதனால் மறைத்தேன். மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனதற்குக் கேட்க மாட்டேன்.

எதற்குப் போனாய் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் எங்களை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனார்கள். மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. பையன்கள் எல்லோரும் இறங்கி ஓரச் சுவரில் ஏறி நின்று கத்தினார்கள். காற்று பலமாக அடிக்கிறது, பெண் பிள்ளைகள் இறங்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பார்த்தது எனக்கு முன்னாலிருந்த சீட்டின் கிழிந்த ரெக்சின். அதன் பிறகு புத்தகங்களில் எத்தனையோ ஊர்களில் அலைந்திருக்கிறேன். எல்லாமே வேறு யாரோ பார்த்து எனக்குச் சொன்னவை. உயரமான ஓர் இடத்தில், ஓரத்துக்குப் போகாதே என்று சொல்ல யாரும் இல்லாமல், ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கோலாலம்பூரில் நான் போன உயரமான கட்டடத்தின் எண்பதாவது மாடியில் சுற்றிலும் கண்ணாடி வைத்து, ஊரைப் பார்ப்பதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. லிஃப்டில் காது அடைத்துக்கொண்டது. கதவு திறந்ததும் எல்லோரும் போனை நீட்டிக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினார்கள். நான் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நெற்றி கண்ணாடியில் படும்வரை போனேன். வெகு கீழே, இன்னொரு கட்டடத்தின் மேல் ஒரு நீச்சல் குளம். அதில் ஒரே ஒரு ஆள் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நீந்திக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் அவனையே பார்த்தேன். மழை மேகம் வந்து கண்ணாடியை மூடியது. கொடுத்த காசு வீண் என்று பலர் இறங்கிப் போனார்கள். நான் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீரமுத்துவின் மகள், வெற்றிவேலுக்குப் பேசி முடித்த பெண், ஆபீஸில் டைப்பிஸ்ட், இதில் எதுவாகவும் இல்லாமல் ஒரு மணி நேரம். அது எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்களிடமும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

மேகம் விலகும் நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டேன் என்று பேசி வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “எந்தூரு பொண்ணும்மா நீ?”

அவர்தான் நீங்கள் ‘அந்தம்மா’ என்று எழுதிய பெரியம்மாள். அறுபது வயதிருக்கும். தியாகதுருகத்துக்காரர். மகன் தீனதயாளனோடும் மருமகளோடும் சுற்றுலா வந்தவர். காலில் செருப்பு இல்லை. கீழே கயிறு கட்டி வரிசையில் நிற்க வைத்து, பையைச் சோதித்து, சீட்டைப் பார்த்து உள்ளே விட்டதும், கோயில் என்று அவருடைய கால்களே முடிவு செய்துவிட்டிருக்கின்றன. லிஃப்ட் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏறிவிட்டார். மகன் பார்த்தபோது பாதி உயரம் வந்தாகிவிட்டது. மானம் போகிறது என்று திட்டி, அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மனைவியோடு படமெடுக்கப் போய்விட்டார்.

யாரோடு வந்தாய் என்று கேட்டார். தனியாக வந்தேன் என்றேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாயா என்றார். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப வா, சுத்திட்டு வரலாம். உச்சி வரிக்கும் ஏறி வந்துட்டு சுத்தாம எறங்கறதா?”

வலம் வந்தோம், மூன்று சுற்று. முதல் சுற்றில் அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. என் விரல்கள் வலித்தன. இரண்டாவது சுற்றில் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று கும்பிட்டார். இங்கே சாமி இல்லையம்மா என்றேன். “சாமி இல்லன்னா இன்னா, நாம சுத்தறோம் இல்ல” என்றார். இதுதான் இந்த இடத்து முறை போலிருக்கிறது என்று நினைத்து ஒரு சீனக் குடும்பம் எங்கள் பின்னாலேயே ஒரு சுற்று வந்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தபோதுதான் தீனதயாளன் எங்களைப் படமெடுத்தார்.

அந்தப் படத்தை அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அவருடைய மாமியார் வீடு சங்கராபுரத்தில் உங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் ஊர் திரும்புவதற்குள் உங்கள் அம்மா படத்தைப் பார்த்துவிட்டார். அத்தை என் அம்மாவுக்குப் போன் செய்து, பரிசம் போட்ட பெண்ணைப் பிளேன் ஏற்றிவிட்டுத் திருச்சி என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயம். அடுத்த கேள்விதான், “ஆரு கூட போனா?”

மூன்று வாரம் அந்த ஒரு கேள்விதான். பரிசத்தைத் திருப்பிவிடலாமா என்றுகூட உங்கள் பெரியப்பா வீட்டில் பேசினார்களாம். நீங்களும் ஒரு நாள், “அம்மாவ விடு. யார் கூட போன, எங்கிட்ட மட்டும் சொல்லு” என்றீர்கள். தனியாகத்தான் என்றேன். நீங்கள் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம் “நம்பறேன்” என்றீர்கள். அந்த இடைவெளியை நான் இன்னும் மறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அத்தை தியாகதுருகத்துக்கே போய்ப் பெரியம்மாளைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். அவர் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லையாம். “எங்களோடதாங்க வந்துச்சி. எனக்குக் கண்ணு கம்மி. தொணைக்கு நாந்தான் கூட்டுகினு போனேன்” என்று சொல்லிவிட்டார். அத்தை அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா அழுதேவிட்டாள், நிம்மதியில். நான் ஆபீஸில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான்.

நான் பொய்யே சொல்லாதவள் இல்லை. திருச்சி என்ற பொய்க்குள் நானும் இருந்தேன். ஆனால் இந்தப் பொய்யை ஒரு முறை ஏற்றுக்கொண்டால், “யாரோடு போனாய்” என்பது கேட்கத் தகுந்த கேள்வி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நாளைக்கு நூலகத்துக்குப் போனாலும், என் சிநேகிதி வீட்டுக்குப் போனாலும் அது கேட்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு பெரியம்மாளைத் தேடி நான் எங்கே போவேன்? நீங்கள் இருபத்து மூன்று வயதில் குவைத்துக்குப் போனபோது மாலை போட்டு அனுப்பினார்களாம், அத்தைதான் படம் காட்டினார். யாரோடு போகிறாய் என்று உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நேற்று பஸ் பிடித்துத் தியாகதுருகம் போய்ப் பெரியம்மாளைப் பார்த்தேன். அவரிடம் சொல்லாமல் நான் உண்மை பேசினால், அவர் பொய் சொன்னதாகி அவருக்கு அவமானம் இல்லையா? வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னையும் உட்கார வைத்துக் கையில் ஒரு பிடி கடலை கொடுத்தார். அத்தையிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒன் நல்லதுக்குத்தான சொன்னேன்? கல்யாணம் நின்னுபூட்டா இன்னா பண்ணுவ?” என்றார். நின்றால் நிற்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. அது வராததையும் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நடந்ததை மட்டும் சொல்லுங்கள் அம்மா, போதும் என்றேன்.

மடியிலிருந்த தோலை உதறிவிட்டுச் சொன்னார்: “நடந்தது இன்னா? எம்புள்ள என்ன ஒக்கார வச்சிட்டுப் பூட்டான். ஒங்கையப் புடிச்சிகினுதான் நான் சுத்தனேன். ஒனக்கு நான் தொணை இல்ல, எனக்குத்தான் நீ தொணை. அதையே சொல்றேன் போ.” செருப்புக் கதையை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். உங்களிடம் சொல்லிவிட்டேன். அத்தையிடம் சொல்ல மாட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சங்கராபுரம் பஸ் ஏறுகிறேன். பரிசம் போட்ட பெண் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அத்தைக்கு எதிரில் நின்று இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன். திருச்சி என்று மறைத்தது தப்பு, மன்னித்துவிடுங்கள். போனது நான் மட்டும்தான், அது தப்பில்லை. இதற்கு மேல் எனக்குப் பேச எதுவும் இல்லை. அல்வா நன்றாக இருந்தது என்றும் சொல்வேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது.

எப்படியும் பத்தரை மணிக்குள் அத்தை உங்களைக் கூப்பிடுவார். அங்கே எட்டு மணியாக இருக்கும். வேலைக்குப் போய்விட்டாலும் போனைக் கையில் வைத்திருங்கள். எனக்காக வாதாட வேண்டாம். அத்தையிடம் கோபப்படவும் வேண்டாம். அவர் ஊருக்குப் பயந்து கேட்கிறார், கெட்ட மனதோடு கேட்கவில்லை. இவள் சொல்வது நிஜமா என்று உங்களிடம் கேட்பார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரப் போவதில்லை.

வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் மேலே ஏறாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்கும்போது, எதுவானாலும் உடனே சொல்லிவிடுங்கள். நான் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

பதில் எதுவானாலும் உங்கள் நலம் விரும்பும்,
வீ. செந்தமிழ்ச்செல்வி