ஆயுசுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்

மார்ச் 4
பழைய ஆம்ப்ளிஃபயர் இன்று புகைந்து செத்தது. நல்லதாயிற்று. இனி வாங்குவது என்னைத் தூக்கிக்கொண்டு போகும்வரை உழைக்க வேண்டும். ஒவ்வொன்றாக வீட்டுக்கே அனுப்புகிறேன், கேட்டுப் பார்த்து எடுங்கள் என்றார் கடைக்காரர். சோதிக்க என் கேசட் போதும். கல்யாணமான புதிதில் நான் பாடி, மச்சான் வயலின் வாசித்தது. அதைக் கேட்டுத்தான் வானொலிக்காரர்கள் என்னை வேண்டாம் என்றார்கள். எல்லாம் அந்தப் பாவி வாசித்த லட்சணம். தப்பு வில்லில் இல்லை, என் தொண்டையில் என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அன்றோடு இந்த வீட்டு வாசல் அவனுக்கு மூடியது.

மார்ச் 9
முதல் ஆம்ப்ளிஃபயர் வந்தது. கொஞ்சம் மந்தம், போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல. ஆனால் என் குரல் குழைகிறது.

இவள் ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேச வராங்க. அண்ணனையும் கூப்பிடலாமாங்க? பொண்ணுக்கு இருக்கறது ஒரே மாமா."

"உன் அண்ணன் உள்ள வந்தா நான் வெளிய. நீயே பேசி முடிச்சுக்கோ."

அழுதாள். அழட்டும்.

மார்ச் 15
இரண்டாவது. வயலின் துருத்துகிறது. திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 21
மூன்றாவதைக் கடைக்காரரே தூக்கி வந்தார். "இதுக்கு மேல ஒண்ணு கிடையாது சார். ஆயுசுக்கும் வரும்."

போட்டேன். குரல் தனி, வயலின் தனி. நான் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. வயலின் நூல் பிடித்ததுபோல நேராகப் போகிறது. என் குரல் — அது ஏன் கீழே கீழே சரிகிறது? மெஷின் கோளாறு. வயலினை விட்டுவிட்டுக் குரலை மட்டும் இறக்குகிற கோளாறு உண்டா? உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

கடைக்காரர் தரையைப் பார்த்தார். இவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை போடுங்க."

"போய் வேலையைப் பாரு."

முதலில் வந்ததையே கொண்டுவரச் சொன்னேன். "அது சும்மா சத்தத்துக்கு வாங்கறது சார்" என்கிறான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

மார்ச் 22
இவள் பேசவில்லை. நிம்மதி.

மார்ச் 30
மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்ததும் பின்னாலேயே மச்சான் நுழைந்தான். தலை முழுக்க நரை. இவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் எதிரில் நான் எங்கே வெளியே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேசையில் பார்த்தால், மூன்றாவது ஆம்ப்ளிஃபயர்.

"காலைல நான்தான் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே என் கேசட்டைப் போட்டாள். முழுக்க ஓடியது. நிறுத்த எனக்குக் கை எழவில்லை.

கண்ணை மூடிக் கேட்ட சம்பந்தி, "வயலின் யாருங்க? பிரமாதம்!" என்றார்.

"எங்க அண்ணன்."

"அடேங்கப்பா! பாடறவர்தான் பாவம், வயலின் எவ்வளவு தாங்கிப் பிடிச்சும் விழுந்துட்டே இருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான் சிரிக்கவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவள் முந்திக்கொண்டாள்.

"யாருன்னு எனக்குத் தெரியலீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது" என்றேன்.