ஞானமகளுக்குக் கொடுத்த கடா

உச்சுமார்க்கா
நவம்பர் 9, 1998

அன்புள்ள வலேரியானாக்காவுக்கு எர்மெலிந்தா எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் சுகம். பாறையில விழுந்த இலாரியோ அத்தானுக்குக் கால் தேவலையா? உங்க ஞானமக சுலேமாவுக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு, வாய் மட்டும் அறுபது வயசுக்காரிக்கு உள்ளது.

ஒரு புகார் இருக்கு. போன வருஷம் அவளுக்கு முதல் முடி வெட்டின அன்னிக்கு ஞானத்தாய் சீரா கம்பளிக்கு வளக்க ஒரு வெள்ளை அல்பாக்காக் கடா குடுத்தீங்களே, லுசேரோ, அவன் சரியில்ல. பட்டியில பதினெட்டு அல்பாக்கா நிக்குது, அதையெல்லாம் விட்டுட்டு எங்களையே தேடி வரான். கழுத்தைத் தாழ்த்தி, வாலை முதுகுமேல மடிச்சுக்கிட்டு வந்து ஒட்டுறான். நேத்து எங்க வீட்டுக்காரரு தெமேத்ரியோ குனிஞ்சு தண்ணி மொண்டாரு, பின்னாலேருந்து நெஞ்சாலயே ஒரு இடி. மனுஷன் குப்புற சகதியில. மத்த கடாங்க காதை மடக்கும், துப்பும், அப்புறம்தான் சண்டைக்கு வரும். இவன் ஒண்ணுமே காட்டல.

உங்க தங்கச்சி,
எர்மெலிந்தா

---

சல்யாப்பம்பா
நவம்பர் 20

அருமைத் தங்கச்சி எர்மெலிந்தா,

படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன். தெமேத்ரியோவைச் சகதியில தள்ளினானா? நல்லா வேணும், என் கல்யாணத்துல அவன் ஆடின ஆட்டத்துக்கு!

அடி பைத்தியமே, வாலை மடிச்சு வந்தா அவன் கொஞ்சச் சொல்றான்னு அர்த்தம். செல்லப்பிள்ளை அவன். கையில கொஞ்சம் உப்பு வச்சு நீட்டு, நாய்க்குட்டி மாதிரி அடங்கிருவான். அவனை யாரையும் அடிக்க மட்டும் விட்ராத. என் ஞானமகளுக்கு ஆயிரம் முத்தம்.

வலேரியானா

---

உச்சுமார்க்கா
டிசம்பர் 14

அக்கா,

சிரிக்கிற விஷயம் இல்ல இது. தெமேத்ரியோவோட முழங்காலை லுசேரோ கவ்வி ஆட்டிட்டான். எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சது. நாலு பேர் அமுக்கிப் பிடிச்சு, அவன் கோரைப் பல்லை அறுத்து விட்டோம். மறுநாளே வேலியை இடிச்சுக்கிட்டு அவரு மேல பாய வரான். ரெண்டு கடா சண்டையில கீழ விழுந்த கடாவோட தொடை நடுவுல கடிக்குமே, அங்கதான் அவனுக்குக் குறி.

உங்ககிட்ட ரெண்டு வருஷம் இருந்தான். உண்மையைச் சொல்லுங்க, அங்கயும் இப்படித்தானா? "இன்னைக்கே வெட்டிரலாம்"ங்கிறாரு இவரு. ஞானத்தாய் குடுத்த சீரு, அவங்களைக் கேக்காம வெட்டக்கூடாதுன்னு நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.

எர்மெலிந்தா

---

சல்யாப்பம்பா
டிசம்பர் 27

தங்கச்சி,

கந்தெலாரியா மாதா மேல ஆணையாச் சொல்றேன், இங்க ஒரு கொசுவைக்கூடக் கடிச்சதில்ல அவன். உன் புருஷனுக்குத்தான் கை நீட்டுற புத்தின்னு ஊருக்கே தெரியும். வெட்டாத. உப்பு குடு.

வலேரியானா

---

சல்யாப்பம்பா
ஜனவரி 16, 1999

எர்மெலிந்தா,

லுசேரோ சுலேமா மேல பாஞ்சதை லாரிக்கார பெனிக்னோ சொன்னான். சுலேமா எப்படி இருக்கா? உயிருக்கு ஒண்ணும் இல்லையே?

இனி மறைக்க முடியாது. அத்தான் கால் பாறையில போகல, லுசேரோ கடிச்சதுதான். பொறந்த அன்னிக்கே அவனுக்குத் தாய் செத்துருச்சு. அடுப்படியில வச்சு புட்டிப்பால் குடுத்தேன், என் போர்வைக்குள்ளயே படுக்க வச்சேன். மத்த குட்டிங்ககூட ஒரு நாளும் விடல. தானும் மனுஷ ஜாதின்னு நெனச்சு வளந்துட்டான், வயசு வந்ததும் நம்மளைப் போட்டிக் கடான்னு நெனச்சு முட்டுறான். அத்தான் கத்தியோட நின்னாரு. என்னால முடியல எர்மெலிந்தா. அந்த வாரம்தான் உங்க வீட்டு விசேஷம் வந்தது. உங்க பெட்டைங்களோட நின்னா திருந்திருவான்னு நெனச்சேன்.

உன் காலைப் பிடிக்கிறேன், அவனைக் கொல்லாத. அந்தப் புட்டிக்கு அவன் ஓடி வர்ற அழகை நீ பாத்ததில்ல. பெனிக்னோ லாரியில ஏத்தி அனுப்பிரு, நானே கட்டிப்போட்டு வச்சுக்கிறேன்.

வலேரியானா

---

உச்சுமார்க்கா
ஜனவரி 24

வலேரியானா,

எம்பொண்ணுக்கு ரெண்டு கேள்வி, உன் கடாவுக்கு ஒரு பக்கம்.

உன் கடிதாசு வந்தப்ப அவன் செத்து எட்டு நாள். எப்படின்னு தெரிஞ்சுக்கோ. உப்பு குடுன்னு நீ எழுதினதை நான்தான் சுலேமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாவி, என் வாயாலயே. நான் அடுப்புல இருந்தேன், அவ கை நிறைய உப்பை அள்ளிக்கிட்டு பட்டிக்குள்ள போயிட்டா. சத்தம் கேட்டு ஓடினேன். லுசேரோ அவளைக் கீழ தள்ளி, நெஞ்சுமேல முட்டி போட்டு மொத்தக் கனத்தையும் இறக்கி அமுக்கிட்டு இருந்தான். தொடை கிழிஞ்சு தொங்குது. மண்வெட்டியால முதுகுல, மண்டையில, எத்தனை அடின்னு தெரியல. அவன் எழுந்திரிக்கல. தெமேத்ரியோ நொண்டிக்கிட்டே வந்து கழுத்துல கயிறு போட்டு இழுத்தாரு. அறுத்தது நான். கத்தி இறங்குறப்பவும் என் முகத்தைப் பாத்து முனகினான். எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிடறேன்.

சுலேமாவுக்கு மூணு விலா எலும்பு முறிஞ்சிருக்கு, தொடையில பத்தொம்போது தையல். பூனோ ஆஸ்பத்திரியிலேருந்து நேத்துதான் கூட்டிட்டு வந்தோம். மூச்சு இழுக்குறப்பல்லாம் கத்துறா.

அவன் குட்டிங்க நாலு மந்தையில நிக்குது. தாய்கிட்ட குடிச்சு வளந்ததுங்க, எங்களைக் கண்டா விலகி ஓடுது. அதுங்களை நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்.

காலையில சுலேமா, "ஞானம்மா என்னைப் பாக்க எப்ப வருவாங்க?"ன்னு கேட்டா. நீ செத்துட்டன்னு சொல்லிட்டேன். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் கையைக் கூப்பி உனக்காக ஒரு ஜெபம் சொன்னா.

இந்தப் பக்கம் வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிராத.

எர்மெலிந்தா